வேங்கிக்கால் 36 பைட்

வேங்கிக்கால் என்ற பெயரைத் தாளில் எழுதினால் ஆறே எழுத்து: வே, ங், கி, க், கா, ல். திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகும் சாலையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்திருக்கும் ஊர் இது. அதனால் இந்த மாவட்டத்தில் மனு எழுதிப் பழகியவர்களுக்கு இந்த ஆறு எழுத்தும் கைக்குத் தானாக வரும். கணினி போடும் கணக்கு வேறு. யூனிகோடில் 'வே' என்றால் வகரத்துக்கு ஒரு குறி, ஏகாரக் கொம்புக்கு ஒரு குறி. 'ங்' என்றால் ஙகரம் ஒன்று, புள்ளி ஒன்று. வேங்கிக்காலில் அகர உயிர்மெய் ஒன்றுகூடத் தனியாக நிற்காததால் ஆறு எழுத்தும் இரண்டிரண்டாகப் பிரிந்து 12 குறிகள் ஆகின்றன. இணையமும் கைபேசியும் இன்று பெரும்பாலும் கையாளும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ஆக மொத்தம் 36. ஆங்கில எழுத்தில் இதே பெயர் 9 பைட்டில் முடிந்துவிடும். திருவண்ணாமலைக்கு ஏழு எழுத்து என்றாலும் அதில் வ, ம இரண்டும் ஒற்றைக் குறி என்பதால் அதுவும் 12 குறி, 36 பைட்தான். ஆரணிக்கு 12 பைட் போதும். கீழ்பென்னாத்தூருக்கு 48 வேண்டும். கண்ணுக்குத் தெரியும் நீளத்துக்கும் மெமரியில் பிடிக்கும் இடத்துக்கும் இங்கே நேரடித் தொடர்பு கிடையாது. சி மொழியில் நிரல் எழுதுகிறவர்களை அரை நூற்றாண்டாகப் படுத்திவரும் ஒரு தொல்லையை இந்தச் சின்னக் கணக்கிலிருந்தே விளங்கிக்கொள்ள முடியும். அந்தத் தொல்லைக்கான தீர்வு தமிழுக்கு ஏன் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பதும் இதிலிருந்தே புரியும்.

சி மொழி 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கியது. பழைய மொழிதானே என்று ஒதுக்கிவிட முடியாது. லினக்ஸ் கர்னல், பைத்தானின் முதன்மை வடிவம், பிஎச்பி, போஸ்ட்கிரெஸ், கைபேசிக்குக் கைபேசி இருக்கும் எஸ்க்யூலைட் என்று மற்ற நிரல்கள் ஏறி நிற்கும் அஸ்திவாரத்தில் பெரும்பகுதி இன்றும் சிதான். இந்த மொழிக்கு 'சொல்' என்றோ 'வாக்கியம்' என்றோ எதுவும் தெரியாது. வரிசையாகச் சில பைட்கள், கடைசியில் மதிப்பு சுழியமாக இருக்கும் ஒரு பைட். அதற்குப் பெயர் சரம். சரத்தை வைக்க எவ்வளவு இடம் ஒதுக்க வேண்டும் என்பதை நிரலாளர்தான் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அப்படி ஒதுக்கிய இடத்தைப் பஃபர் என்பார்கள். ஊர்ப் பெயர், எண், தேதி எல்லாவற்றையும் ஒரு வார்ப்பில் கோத்துப் பஃபரில் எழுதித் தருவதற்கு முதலில் இருந்த ஃபங்ஷன் எஸ்பிரின்ட்எஃப். பஃபர் எவ்வளவு பெரியது என்று அது கேட்பதே இல்லை, எழுதிக்கொண்டே போகும். இடம் தீர்ந்தாலும் நிற்காமல் பக்கத்து இடத்தில் எழுதும். இதே பழக்கம் கொண்ட இன்னொரு ஃபங்ஷன் கெட்ஸ். 1988 நவம்பர் 2ஆம் தேதி பரவத் தொடங்கிய மோரிஸ் புழு என்ற தீங்கு நிரல், கெட்ஸை நம்பி 512 பைட் இடம் வைத்திருந்த ஒரு சேவை நிரலில் அதற்கு மேல் பைட்களைத் திணித்துத்தான் பல கணினிகளுக்குள் நுழைந்தது. அதன் பிறகும் கெட்ஸ் 23 ஆண்டு உயிரோடு இருந்தது. 2011இல் வந்த தர வரையறையில்தான் அதை நீக்கினார்கள்.

எஸ்பிரின்ட்எஃப்புக்கு மாற்றாக 1999ஆம் ஆண்டுத் தரத்தில் எஸ்என்பிரின்ட்எஃப் சேர்ந்தது. பஃபரின் அளவையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் அதைத் தாண்டி எழுதாது. கடைசிச் சுழியத்தையும் மறக்காமல் வைக்கும். பிரச்சினை தீர்ந்தது என்றுதான் தோன்றும். ஆனால் வேலை முடிந்ததும் அது ஓர் எண்ணைத் திருப்பித் தருகிறது, அந்த எண்ணில்தான் வில்லங்கம். எத்தனை பைட் எழுதினேன் என்பதல்ல அது சொல்வது. இடம் போதுமான அளவு இருந்திருந்தால் எத்தனை பைட் எழுதியிருப்பேன் என்பது. 20 பைட் பஃபரில் வேங்கிக்காலை எழுதச் சொன்னால் 19 பைட்டும் சுழியமும் எழுதிவிட்டு 36 என்று பதில் சொல்லும். நடுவில் வேறு ஏதாவது கோளாறு என்றால் சுழியத்துக்குக் கீழான ஓர் எண் வரும். ஆக ஒரே எண்ணில் மூன்று செய்திகள்: எதிர்மமாக இருந்தால் கோளாறு, பஃபர் அளவுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் வெட்டுப்பட்டது, குறைவாக இருந்தால் எல்லாம் நலம். 'சமமாகவோ' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். 36 பைட் பஃபரில் 36 பைட் சரம் இடம் பிடிக்காது; சுழியத்துக்கு ஓர் இடம் போக 35தான் உள்ளே போகும், கடைசிப் புள்ளிக்குரிய மூன்று பைட்டில் ஒன்று தொலையும். 'அதிகமா?' என்று மட்டும் கேட்டுவிட்டு 'சமமா?' என்று கேட்க மறந்த நிரல் இதைச் சரி என்று சொல்லிவிடும்.

இப்போது ஒரு முகவரி வரியை அமைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஊர், ஒரு காற்புள்ளி, ஓர் இடைவெளி, நகரம், ஒரு சிறுகோடு, ஆறு இலக்க அஞ்சல் குறியீடு. பஃபர் 64 பைட். மூன்று தடவை எஸ்என்பிரின்ட்எஃப்பை அழைக்க வேண்டும். முறையாக எழுதினால், அழைப்பு ஒவ்வொன்றுக்கும் கீழே 'எதிர்மமா?' என்று ஒரு கேள்வி, 'இடத்தை எட்டிவிட்டதா?' என்று ஒரு கேள்வி, இரண்டுக்கும் வெளியேறும் வழி, பிறகு எழுதிய நீளத்தைக் கூட்டும் ஒரு வரி, மிச்ச இடத்தைக் கழிக்கும் ஒரு வரி. வேலை செய்வது ஒரு வரி, அதற்குக் காவல் ஐந்தாறு வரி. மூன்று அழைப்புக்குச் சமாளிக்கலாம். ரேஷன் அட்டை அளவுக்கு விவரம் இருக்கிற ஒரு தாளை அச்சிட முப்பது அழைப்பு வேண்டுமென்றால், படிக்கிறவர் கண்ணில் படுவது காவல் வரிகள் மட்டுமே. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ஒன்றை எழுதி மற்றவற்றை நகலெடுத்து ஒட்டியவை. பத்தொன்பதாவது இடத்தில் சமக்குறி விட்டுப்போயிருந்தால் அதைப் பார்க்கிறவர் யார்? ஒரே மாதிரி வரும் வரிகளை மனிதக் கண் படிப்பதில்லை, தாண்டித்தான் போகும். ஒவ்வொரு அடியிலும் சரிபார்ப்பது பத்திரம் என்ற நம்பிக்கை இந்த இடத்தில்தான் உடைகிறது. சரிபார்ப்பும் நிரல்தான். அதிலும் பிழை வரும், முப்பது இடத்தில் எழுதினால் முப்பது வாய்ப்பு.

அலுப்புத் தட்டியவர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி இன்னும் மோசம். கேள்விகளையெல்லாம் எடுத்துவிட்டு, திரும்பி வரும் எண்ணை அப்படியே நீளத்தோடு கூட்டிக்கொண்டு போவது. நம் முகவரியில் இது என்ன செய்யும் என்று விரல் விட்டுப் பார்க்கலாம். முதல் அழைப்பு வேங்கிக்காலையும் காற்புள்ளியையும் இடைவெளியையும் எழுதுகிறது: 38 பைட். மிச்சம் 26. இரண்டாவது அழைப்பு திருவண்ணாமலையை எழுதப் பார்க்கிறது. 25 பைட்தான் இடம் பிடிக்கும். 'திருவண்ண' வரைக்கும் 24 பைட், அடுத்த குறியின் முதல் பைட் ஒன்று, பிறகு சுழியம். ஆனால் திரும்பி வரும் எண் 36. கூட்டினால் நீளம் 74. இப்போது மிச்ச இடம் 64இல் 74 போக, பத்துக் குறைகிறது. சி மொழியில் இடத்தின் அளவைக் குறிக்கும் எண் வகைக்குச் சுழியத்துக்குக் கீழே போகத் தெரியாது. பழைய சைக்கிள் மீட்டர் பின்னோக்கிச் சுற்றியதுபோல மறுமுனைக்குப் போய்விடும். 64 பிட் கணினியில் அந்த 'மிச்ச இடம்' 18,446,744,073,709,551,606 பைட். மூன்றாவது அழைப்பு இந்த எண்ணை நம்பினால், பஃபருக்குப் பத்து பைட் தாண்டிப் போய் வேறு எதன் மேலோ அஞ்சல் குறியீட்டை எழுதும். எஸ்பிரின்ட்எஃப்பில் இருந்த அதே அபாயம் பாதுகாப்பான ஃபங்ஷன் வழியாகவே திரும்பி வந்துவிட்டது. எதிர்ம எண் வந்தாலும் வேடிக்கைதான். ஊர்ப் பெயரை மட்டும் எழுதி முடித்த நேரத்தில் அது வந்தால், நீளம் 36இலிருந்து ஒன்று குறைந்து 35 ஆகும். அடுத்து எழுதுவது, முன்பு எழுதிய புள்ளியின் கடைசி பைட் மேல் உட்காரும். முன்பெல்லாம் வெட்டுப்பட்டாலே எதிர்ம எண் தந்த வடிவங்களும் உண்டு: லினக்ஸில் சியின் நூலகமான கிளிப்சி 2.0.6 வரைக்கும் அப்படித்தான். மைக்ரோசாஃப்டின் பழைய வடிவம் வெட்டுப்பட்டால் கடைசிச் சுழியத்தைக்கூட வைக்காது. தரத்துக்கு ஒத்த வடிவம் அங்கே 2015இல்தான் வந்தது.

இதே நிரலை ஆங்கிலப் பெயர்களோடு ஓட்டினால் 9, 2, 14, 1, 6 என்று மொத்தம் 32 பைட். 64 பைட் பஃபரில் பாதி காலியாகக் கிடக்கும். சோதிக்கிறவர் ஆங்கிலத்தில் சோதிப்பார். எல்லாம் சரியாக வரும். காவல் வரிகளில் ஒன்றுகூட ஓடியிருக்காது. அதே நிரல் தமிழுக்கு வரும்போது 81 பைட் கேட்கும். ஆங்கிலத்தில் என்றோ ஒருநாள் நடக்கும் விபத்து, தமிழில் முதல் நாளே நடக்கும் அன்றாடம். பிழை கையாளும் பகுதியை மற்றவர்கள் நிரலின் ஓரம் என்று நினைக்கலாம். நம் மொழி அந்த ஓரத்தில்தான் குடியிருக்கிறது. வெட்டுப்பட்டால் என்ன கெட்டுப்போகும், கொஞ்சம் குறைவாகத் தெரியும், அவ்வளவுதானே என்ற அலட்சியமும் ஆங்கிலத்துக்குத்தான் பொருந்தும். வேங்கிக்காலை 32 பைட் பஃபரில் எழுதினால் 31 பைட் நிற்கும்: 'வேங்கிக்கா', அதன் பின்னால் லகரத்தின் முதல் பைட் மட்டும் அநாதையாக, திரையில் ஒரு கேள்விக்குறிக் கட்டம். இதுவாவது பார்த்தவுடன் தெரிந்துவிடும். 34 பைட் பஃபரில் 33 நிற்கும். கடைசிப் புள்ளி மட்டும் உதிர்ந்து 'வேங்கிக்கால' என்று முடியும். யூடிஎஃப்-8 கணக்கில் குற்றமே இல்லை, எந்தச் சோதனைக் கருவியும் பிடிக்காது. அளவை 18 பைட்டுக்கு மட்டுப்படுத்தும்படி வார்ப்பிலேயே எழுதியிருந்தால் விளைவு இன்னும் அழகு: மிஞ்சுவது 'வேங்கி'. ராஜராஜ சோழன் தன் மகளைக் கட்டிக்கொடுத்த கீழைச் சாளுக்கியரின் ஆந்திர நாடு. ஒரு பைட்கூடச் சிதையாமல் ஒரு ஊர் இன்னொரு நாடாகிவிட்டது. அட்டவணையில் பத்தி நேராக நிற்க அகலம் 20 என்று கொடுத்தாலும் அந்த 20 பைட்டைத்தான் குறிக்கும், எழுத்தை அல்ல. தமிழ்ப் பெயர்கள் அச்சான பட்டியல்களில் பத்திகள் கோணல்மாணலாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக, சரிபார்ப்பை விடவும் முடியாது. முப்பது இடத்தில் நகலெடுத்து வைக்கவும் முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதை விளக்க நம் வீட்டுச் சுவரில் இருக்கும் எம்சிபி போதும். எங்கோ ஒரு கோளாறு என்றால் அது விழுந்துவிடும். விழுந்தபின் நீங்கள் மின்விசிறி ஸ்விட்சைப் போட்டாலும் மிக்ஸி ஸ்விட்சைப் போட்டாலும் ஒன்றும் நடக்காது, ஆனால் ஒன்றும் எரிந்தும் போகாது. தானாக மேலே ஏறாது. யாராவது வந்து பார்த்துத் தூக்கிவிடும்வரை விழுந்தேதான் கிடக்கும். ஒவ்வொரு ஸ்விட்சைப் போட்ட பிறகும் ஓடிப்போய் எம்சிபியைப் பார்க்கிறவர் யாரும் கிடையாது. நிரலிலும் இதையே செய்யலாம். பஃபரின் இடம், அதன் மொத்த அளவு, இதுவரை எழுதிய நீளம், பிழைக் கொடி என்று நான்கையும் ஒரே கட்டாகச் சேர்த்து அதற்குத் 'தாள்' என்று பெயர் வைப்போம். தாளில் எழுதுவதற்கு 'ஒட்டு' என்று ஒரே ஃபங்ஷன். அது முதலில் கொடியைப் பார்க்கும். ஏற்கெனவே ஏறியிருந்தால் எதையும் தொடாமல் திரும்பிவிடும். இல்லையென்றால் எஸ்என்பிரின்ட்எஃப்பை அழைத்து, எதிர்மமா, எட்டிவிட்டதா என்று இரண்டு கேள்வியையும் கேட்டு, தவறென்றால் கொடியை ஏற்றும், சரியென்றால் நீளத்தைக் கூட்டும். அந்தக் கழித்தல் கணக்கு, அந்தச் சமக்குறி எல்லாம் நிரல் முழுவதற்கும் இந்த ஒரே இடத்தில். அழைக்கிறவர் ஊரை ஒட்டு, நகரத்தை ஒட்டு, குறியீட்டை ஒட்டு என்று மூன்றே வரி எழுதி, கடைசியில் ஒருமுறை கொடியைப் பார்த்தால் போதும். இப்படித் தமிழிலேயே பெயர் வைத்தாலும் கம்பைலர் முறைக்காது: 1999 தரமே தமிழ்க் குறிகளைப் பெயர்களில் அனுமதித்துவிட்டது, 2020இல் வந்த ஜிசிசி கம்பைலரின் 10ஆம் பதிப்பு முதல் நேரடியாகவே தட்டச்சு செய்யலாம்.

இது நான் புதிதாகக் கண்டதல்ல, சியின் சொந்த வீட்டிலேயே இருப்பதுதான். கோப்பில் எழுதும்போது சியின் நூலகம் கோப்பு ஒவ்வொன்றோடும் ஒரு பிழைக் கொடியை வைத்திருக்கிறது. நடுவில் எங்கே தவறினாலும் கொடி ஏறும், அழித்தாலொழிய இறங்காது. நூறு வரி எழுதிவிட்டுக் கடைசியில் எஃப்எரர் என்று ஒருமுறை கேட்டால் போதும். மெமரியில் எழுதுவதற்கு மட்டும் இந்த வசதியை ஏனோ தராமல் விட்டார்கள்; 2008 போசிக்ஸ் தரத்தில் வந்த ஓபன்-மெம்ஸ்ட்ரீம் அந்த ஓட்டையை ஓரளவு அடைத்தது. இதைவிட வலுவான சான்று லினக்ஸ் கர்னலில் இருக்கிறது. கர்னல் தன் உள்நிலையை வரிவரியாக எழுதிக் காட்டும் இடங்களில் சீக்-ஃபைல் என்ற ஏற்பாடு உண்டு. அதன் எழுதும் ஃபங்ஷன்கள் ஒரு காலத்தில் வெற்றி தோல்வி எண்ணைத் திருப்பித் தந்தன. எழுதியவர்கள் அதை விதவிதமாகத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். பஃபர் நிறைந்தால் சீக்-ஃபைலே பெரிய பஃபரை எடுத்துக்கொண்டு எழுத்தை முதலிலிருந்து திரும்ப நடத்தும். அழைக்கிறவர் பதற வேண்டியதே இல்லை. 2015இல் என்ன செய்தார்கள் தெரியுமா? திரும்பி வரும் எண்ணையே எடுத்துவிட்டார்கள். 'நிரம்பிவிட்டதா' என்று தெரிய வேண்டியவருக்குத் தனியாக ஒரு கேள்வி ஃபங்ஷன். உலகின் மிகக் கவனமாகப் படிக்கப்படும் நிரல்களில் ஒன்றில், சரிபார்ப்பு வாய்ப்பைக் குறைத்தால் தவறு குறையும் என்று முடிவெடுத்தார்கள் என்றால் அதை யோசிக்கத்தான் வேண்டும். அதே 2015இல் கோ மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான ராப் பைக், அந்த மொழியில் திரும்பத் திரும்ப வரும் பிழை வரிகளைப் பற்றிப் புகார் வந்தபோது காட்டிய வழியும் இதுவே: பிழையை எழுதுகோலுக்குள்ளேயே வைத்துக்கொள், கடைசியில் கேள். 1992இல் கென் தாம்ப்சனோடு சேர்ந்து யூடிஎஃப்-8ஐ வடிவமைத்தவரும் இவர்தான்; வேங்கிக்காலை 36 பைட் ஆக்கியதில் பாதிப் பொறுப்பு இவருடையது.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை, அவற்றில் சில கனமானவை. முதலாவது: முப்பது தடவை கேட்க மறப்பவன் ஒருதடவையும் மறக்க மாட்டானா? மறப்பான். அதனால் கேள்வியைக் கேட்காமல் சரத்தைத் தொடவே முடியாதபடி வைக்க வேண்டும். தாளிலிருந்து சரத்தை வெளியே எடுக்க 'எடு' என்று ஒரு ஃபங்ஷன் மட்டும் இருக்கட்டும். கொடி ஏறியிருந்தால் அது சரத்தைத் தராமல் வெறும் கையைக் காட்டட்டும். திரும்பி வந்ததைக் கண்டுகொள்ளாமல் போனால் கம்பைலர் எச்சரிக்கும்படி செய்ய 2023 தரத்தில் ஒரு குறிப்பே இருக்கிறது. ஜிசிசியில் அது அதற்கும் முன்பிருந்தே உண்டு. இரண்டாவது: தவறு நடந்த பிறகும் மீதி இருபது அழைப்பு வீணாக ஓடுகிறதே? ஓடட்டும். கொடியைப் பார்த்துத் திரும்புவதற்கு ஆகும் நேரம் கணினிக்கு ஒரு பொருட்டே இல்லை. தவறு நடந்த அன்றைக்கு மட்டும்தான் அந்தச் செலவும். ஆனால் இந்த எதிர்வாதத்துக்குள் உண்மையான ஓர் எல்லைக்கோடு ஒளிந்திருக்கிறது. மெமரியில் எழுதுவது வெளியுலகத்தைத் தொடாத வேலை. பாதியில் கெட்டாலும் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம். பணம் மாற்றுவது, குறுஞ்செய்தி அனுப்புவது, டிக்கெட்டை அச்சடிப்பது போன்றவற்றைக் கிழித்துப் போட முடியாது. அந்த வரிசையில் கொடியை ஏற்றிவிட்டு நடந்துகொண்டே போகக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் நின்று கேட்டுத்தான் ஆக வேண்டும். இந்த முறை எல்லாப் பிழைக்கும் மருந்து என்று சொல்கிறவர் விற்பனைக்காரர்.

மூன்றாவது எதிர்வாதம், எந்த இடத்தில் தவறியது என்று தெரியாமல் போகிறதே என்பது. இதற்குத் தாளில் இன்னொரு எண்ணுக்கு இடம் விட்டால் போதும்: கொடி முதன்முதலில் ஏறியபோது நீளம் என்ன. முதல் தவறுதான் முக்கியம், மற்றவை அதன் பேரப்பிள்ளைகள். இன்னொரு கூட்டம், இதற்கு ஏன் இத்தனை ஏற்பாடு, காவல் வரிகளை ஒரு மேக்ரோவுக்குள் சுருட்டிவிடலாமே என்பார்கள். மேக்ரோ சுருக்கமானதுதான், ஆனால் பார்க்க ஒரு சாதாரண அழைப்பு மாதிரி இருந்துகொண்டு, உள்ளே ரகசியமாக ஃபங்ஷனை விட்டே வெளியேறிவிடும். படிக்கிறவருக்கு வாசல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. நிரலோட்டத்தைத் திருப்பும் மேக்ரோ வேண்டாம் என்று லினக்ஸ் கர்னலின் எழுத்து விதிகளே சொல்கின்றன. அதே விதிகள் வளங்களைத் திருப்பி ஒப்படைக்கும் இடத்தில் கோட்டூ என்ற தாவல் கட்டளையை ஏற்கின்றன. எடுத்த பொருளை வைத்துவிட்டுப் போக அது நல்ல வழி. ஆனால் நம் தாளில் திருப்பி ஒப்படைக்க எதுவுமில்லை. கம்பைலரே எச்சரிக்காதா என்றால், 2017இல் வந்த ஜிசிசி 7 முதல் வெட்டுப்படும் வாய்ப்பை முன்கூட்டிச் சொல்லும் வசதி இருக்கிறது. ஆனால் நிரல் ஓடும்போது வரப்போகும் பெயர் ஆரணியா கீழ்பென்னாத்தூரா என்பது அதற்கு எப்படித் தெரியும்?

பெரிய பஃபர் வைத்தால் தீர்ந்தது, இல்லையென்றால் தேவைக்கேற்ப வளரும் பஃபர் வை என்பது பலரும் சொல்லும் யோசனை, கணினியில் அது நல்ல யோசனையும்கூட. கிட் மென்பொருள் அப்படித்தான் செய்கிறது. மெமரி கிடைக்காவிட்டால் நிரலையே நிறுத்திவிடுகிறது, அதுவும் ஒருவகையில் எம்சிபிதான். ஆனால் எல்லா இடத்திலும் வளர இடம் இருப்பதில்லை. கையடக்கக் கருவிகளின் மெமரி சின்னது. அச்சுக் காகிதத்தின் அகலம் விரல் கணக்கு. ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும் குறுஞ்செய்தி யூனிகோடில் 70 குறியோடு நின்றுவிடும், அதில் வேங்கிக்கால் மட்டுமே 12 எடுத்துக்கொள்ளும். பஃபரை வளர்த்து இந்தச் சுவரைத் தள்ள முடியாது. வெட்டுப்படுவதைப் பிழையாக எண்ண வேண்டுமா என்பதே ஒரு பெரிய சண்டையாக நடந்திருக்கிறது. ஓபன்பிஎஸ்டி குழுவினர் 1998இல் எஸ்டிஆர்எல்காப்பி என்ற பத்திரமான நகல் ஃபங்ஷனைக் கொண்டுவந்தார்கள். லினக்ஸின் கிளிப்சி நூலகம் அதை உள்ளே விடவில்லை. சத்தமில்லாமல் வெட்டுவது பிழையை மறைப்பதுதான் என்பது எதிர்த்தவர்களின் வாதம். 2023இல் கிளிப்சி 2.38இல்தான் கதவு திறந்தது. கால் நூற்றாண்டு. எனக்கு இரு தரப்பும் பாதி சரி என்று படுகிறது. தாண்டி எழுதுவதைவிட வெட்டுவது மேல்தான். ஆனால் வெட்டியதை யாரிடமும் சொல்லாமல் இருப்பது, எதிர்த்தவர்கள் அஞ்சியபடியே, வேங்கிக்காலை வேங்கி ஆக்கும் வேலை. கொடி ஏற்றும் முறை இரண்டையும் சேர்த்துவைக்கிறது: தாண்டவும் தாண்டாது, சொல்லாமலும் விடாது.

ரஸ்ட் மாதிரி மொழிக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்றால், பாதி உண்மை. ரஸ்டில் ஒரு கேள்விக்குறி போட்டாலே பிழை மேலே போய்விடும். குறியின் நடுவில் சரத்தை வெட்டப் பார்த்தால் நிரலே நின்றுவிடும். 2022 இறுதியில் வந்த லினக்ஸ் 6.1 முதல் கர்னலுக்குள்ளும் அது நுழைந்துவிட்டது. ஆனால் ரஸ்டும் புள்ளி உதிர்வதைத் தடுக்காது. லகரத்துக்கும் புள்ளிக்கும் நடுவே வெட்டினால் அதன் பார்வையிலும் அது முறையான வெட்டுதான். எழுத்து எது என்ற அறிவு தமிழ் அறிந்தவர் எழுதிச் சேர்த்தால்தான் வரும். ஒட்டு என்ற ஒற்றை ஃபங்ஷனின் முழு லாபமும் எனக்குத் தெரிவது இந்த இடத்தில்தான். காவல் வரிகள் முப்பது இடத்தில் சிதறிக் கிடந்தால் அந்த அறிவை எங்கே வைப்பது? ஒரே இடத்தில் இருந்தால், வெட்டித்தான் ஆக வேண்டும் என்று அழைத்தவர் கேட்டுக்கொண்ட நேரத்தில், அங்கே சில வரிகளைச் சேர்க்கலாம். வெட்டிய முனையிலிருந்து பின்னோக்கிப் போ. 128க்கும் 191க்கும் இடைப்பட்ட பைட் எல்லாம் ஒரு குறியின் வால், தலை வரும்வரை நட. தலை கிடைத்ததும், விட்டுப்போன அடுத்த குறி புள்ளியோ கொம்போ காலோ என்றால் அதன் எழுத்தையும் விட்டுவிடு. போளூர் என்ற ஊர்ப் பெயரில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. 'போ' என்பதில் உள்ள ஓகாரத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, மெமரியில் ஒன்று 18 பைட், மற்றது 21. ஊர்களின் நீளத்தைத் தாளில் எழுதிப் பார்த்து பஃபர் அளவை முடிவு செய்கிறவருக்கு இது தெரிந்திருக்காது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, ஒட்டுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

மறுபடி அந்த 64 பைட் முகவரிக்கு வருவோம். ஊரை ஒட்டினோம், நகரத்தை ஒட்டினோம், குறியீட்டை ஒட்டினோம். 'எடு' என்று கேட்டால் வெறும் கை. கொடி ஏறியது 38ஆவது பைட்டில் என்று தாள் சொல்கிறது, அதாவது ஊர் உள்ளே போய்விட்டது, நகரத்தில்தான் இடிக்கிறது. இனி என்ன செய்வது என்பதை எஸ்என்பிரின்ட்எஃப் தீர்மானிக்க முடியாது. அதன் கையில் விட்டால் 'திருவண்ண' என்று நிறுத்தும். பேருந்துப் பலகையில் இடம் போதாதபோது பெயின்டர் எப்போதும் அப்படி நிறுத்தியதில்லை, 'தி.மலை' என்றுதான் எழுதியிருக்கிறார். அதைப் பார்த்து வேறு ஊருக்கு ஏறியவர் இல்லை. தாளைத் துடைத்து, கொடியை இறக்கி, நகரத்துக்குப் பதில் அந்தக் குறுக்கத்தைக் கொடுத்து மூன்று வரியையும் மறுபடி ஓட்டலாம். தி.மலை என்பது ஐந்து தமிழ்க் குறியும் ஒரு முற்றுப்புள்ளியும், 16 பைட். ஊர் 36, காற்புள்ளியும் இடைவெளியும் 2, நகரம் 16, சிறுகோடு 1, அஞ்சல் குறியீடு 6. கூட்டினால் 61, சுழியத்தோடு 62. இன்னும் 2 பைட் மிச்சம்.